கட்டிலில் போன போர்க்களம்

கிணற்றுக்குள் விழுந்த எருமை, தான் விழுந்ததை இன்னும் நம்ப முடியாமல் கூப்பிடுவதுபோல ஓர் ஓசை. கல்லூரியில் படித்த நாளில், விடுமுறைக்குத் தோழி ஒருத்தியின் ஊருக்குப் போயிருந்தபோது அதைக் கேட்டேன். கோடை மழை விட்டிருந்த மாலை. திடுக்கிட்டு எழுந்தவள் நான் ஒருத்திதான்.

"கோணப்பாறைக்காரங்க கொம்பு ஊதுறாங்க," என்றாள் தோழி. "பழைய போர்க்கொம்பு. விரிசல் விட்டுப் போச்சு. ஆனா மாத்த மாட்டாங்க."

கொம்பு ஊதினால் போருக்கு யார் போவார்கள் என்று கேட்டேன். அவள் சிரிக்க ஆரம்பித்து மறுநாள் காலை வரை விட்டுவிட்டுச் சிரித்தாள். நடுநடுவே சொன்ன கதை இது.

பாளையங்கள் இருந்த காலம். கோணப்பாறையும் ஒரு பாளையம்தான். பாளையக்காரர் அரண்மனையில் தும்மினால் எல்லையில் நிற்பவன் "நூறு வயசு" என்பான். அவ்வளவு பெரிய பாளையம். படையில் நாலு பேர்.

மூக்கன் தளபதி, நாலு பேரில் மீசை அவனுக்குத்தான் இருந்தது. இருளப்பன் யோசனை சொல்கிறவன்; யோசிக்கும்போது கண்ணை மூடிக்கொள்வான், சில சமயம் குறட்டையும் கேட்கும். உலகன் யாருக்கும் அஞ்சாதவன், மாமியார் காத்தாயியைத் தவிர. நாலாவது வேம்பன். யார் எதைச் சொன்னாலும் "அதுவும் சரிதான்" என்பான்.

ஒரு நாள் காலையில், பக்கத்து ஊசிமலைப் பாளையத்து ஆட்கள் மேய்ச்சலில் நின்ற ஒரு மாட்டை ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள். அது காத்தாயியின் சிவப்பி. நிறைசினை.

காத்தாயி அரண்மனைக்கு வந்து நின்றாள்.

"மகாராசா, எனக்குப் புருசன் இல்ல. மகளைக் கட்டிக் கொடுத்தாச்சு. மருமகன் இருக்கார். இருந்தும்... வேண்டாம், சபையில சொல்லக் கூடாது. எனக்குன்னு இருக்கிறது அந்த ஒரு மாடுதான். அவகிட்டப் பேசித்தான் எனக்குப் பொழுது போகுது. இன்னும் மூணு நாள்ல கன்னு போட்டுருவா. ஊசிமலை மண்ணுல போட்டுட்டா எல்லாம் முடிஞ்சுபோச்சு."

முடிந்துதான் போகும். கன்று எந்தப் பாளையத்து மண்ணில் விழுகிறதோ அந்தப் பாளையத்துக்குச் சொந்தம் என்பது அந்தப் பக்கத்து வழக்கம். பால் குடிக்கிற கன்றிடமிருந்து தாயைப் பிரிக்கக் கூடாது என்பதும் வழக்கம். ஆகவே கன்று விழுந்த இடத்திலேயே தாயும் தங்கிவிடும். இதில் இரண்டு பாளையத்துக்கும் தகராறே கிடையாது.

பாளையக்காரர் கொம்பு ஊதச் சொன்னார். நாலு பேரையும் அழைத்து நெற்றியில் பட்டுத் துணி கட்டினார். கையில் வாளைக் கொடுத்தார். வீரனுக்குரிய மூன்று விதிகளைச் சொன்னார்.

"ஆயுதம் இல்லாதவனோடு போரிடக் கூடாது. எதிரிக்கு முதுகு காட்டக் கூடாது. கொடி நட்ட இடத்தை விட்டு நகரக் கூடாது. உயிரே போனாலும் சரி."

"சரி மகாராசா," என்றார்கள் நாலு பேரும்.

கொடியை எடுத்துப் பார்த்தால் கரையான் தின்றிருந்தது. அதில் முன்பு இருந்தது புலியா, பலாப்பழமா என்று யாருக்கும் நினைவில்லை. "புதுசாக எழுதிக்கொள்ளுங்கள்," என்றார் பாளையக்காரர். "எதிரி பார்த்ததும் நடுங்க வேண்டும். அவ்வளவுதான்."

வெள்ளை வேட்டி ஒன்றை விரித்துச் சுற்றி உட்கார்ந்தார்கள்.

"புலி எழுதுவோம்," என்றான் மூக்கன்.

"நீ புலியைப் பாத்திருக்கியா?" என்றான் இருளப்பன்.

"இல்ல."

"பாத்து நடுங்கியிருக்கியா?"

"பாக்காம எப்படி நடுங்குறது?"

"அப்போ புலிக்கு நடுங்குவாங்கங்கிறது வெறும் கேள்வி ஞானம். நம்மள்ல யாராவது எதையாவது பாத்து நிசமா நடுங்கியிருக்கணும். அதைத்தான் எழுதணும்."

பிறகு மூன்று பேரும் மெதுவாக உலகன் பக்கம் திரும்பினார்கள்.

"ஏன் என்னைப் பாக்கிறீங்க?" என்றான் உலகன். கேட்கும்போதே அவனுக்கும் விளங்கிவிட்டது.

கரியும் செம்மண்ணும் குழைத்து, காத்தாயியின் முகத்தை வேட்டி நிறைய எழுதினான் இருளப்பன். சாயல் நன்றாகவே வந்தது. உலகன் கொடியைத் தூக்க மறுத்துவிட்டான். வேம்பன் தூக்கிக்கொண்டான்.

புறப்பட்டவுடனே மூக்கன் கையை உயர்த்தி எல்லோரையும் நிறுத்தினான்.

"முதுகு காட்டக் கூடாதுன்னு உத்தரவு. எதிரி எந்தப் பக்கம் இருக்கான்?"

"ஊசிமலை வடக்கே," என்றான் உலகன்.

"ஊர் வடக்கே. எதிரி மாடு தேடித் தெக்கே வந்திருந்தா? கிழக்கே மாமனார் வீட்டுக்குப் போயிருந்தா?"

"அதுவும் சரிதான்," என்றான் வேம்பன்.

ஆகவே நாலு பேரும் முதுகோடு முதுகு ஒட்டிக்கொண்டு, ஆளுக்கொரு திசையைப் பார்த்தபடி நடந்தார்கள். ஒருவன் முன்னால் நடந்தான், ஒருவன் பின்னால் நடந்தான், இரண்டு பேர் நண்டு மாதிரி போனார்கள். எல்லையைத் தொடும்போது வெயில் ஏறிவிட்டது. தாகம் என்று உட்கார்ந்தார்கள். வேம்பன் கை வலிக்கிறதென்று கொடிக்கம்பை மண்ணில் குத்தினான்.

இருளப்பன் "ஐயோ" என்றான்.

"என்ன?"

"கொடியை நட்டுட்டே."

நாலு பேரும் கம்பைப் பார்த்தார்கள். நட்டாகிவிட்டது. இனி உயிரே போனாலும் அந்த இடத்தை விட்டு நகரக் கூடாது. ஊசிமலையோ இன்னும் இரண்டு காத தூரம்.

"பிடுங்கிட்டா?" என்றான் உலகன்.

"நட்ட இடம் நட்ட இடம்தானே? பல்லைப் பிடுங்கினா அது இருந்த இடம் இல்லாமப் போயிடுமா?" என்றான் மூக்கன்.

இருளப்பன் கண்ணை மூடிக்கொண்டான். ஒரு நாழிகை கழித்து, குறட்டை நின்றதும் கண்ணைத் திறந்தான்.

"இடத்தை விட்டு நாம நகரக் கூடாது. இடமும் நம்மகூட வந்தா?"

உலகன் அந்தப் பக்கம் போன ஒருவனைக் கூப்பிட்டு ஊருக்குள் அனுப்பிக் கயிற்றுக் கட்டில் ஒன்றும் பாயும் மண்வெட்டியும் வரவழைத்தான். கொடி நின்ற இடத்தையும் அதைச் சுற்றி நாலு பேர் நின்ற இடத்தையும் முழங்கை ஆழத்துக்குப் புல்லோடு வெட்டியெடுத்து, கட்டிலில் பாயை விரித்து அதன்மேல் பரப்பினார்கள். நடுவில் கொடி. காத்தாயி காற்றில் முறைத்துக்கொண்டிருந்தாள்.

ஆளுக்கொரு காலைப் பிடித்துத் தூக்கினார்கள். முதுகு காட்டக் கூடாதே, அதனால் நாலு பேரும் வெளிப்பக்கம் பார்த்து நின்றார்கள். மூக்கன் "நட" என்றான். நாலு பேரும் முன்னால் நடந்தார்கள். கட்டில் நகரவில்லை.

"இன்னும் வேகமா," என்றான் மூக்கன்.

வேகமாக நடந்தார்கள். கயிறு முனகியது. நண்பகல் வரை நடந்த பிறகு, பக்கத்தில் இருந்த வேப்பமரம் காலையில் இருந்த இடத்திலேயே இருப்பதை வேம்பன் கவனித்தான். அதன்பின் முறைவைத்துக்கொண்டார்கள்: நூறு அடிக்கு ஒருவன் முன்னால் நடக்க, மற்றவர்கள் அவன் போகிற பக்கம் போவது. முறை மாறும்போதெல்லாம் திசையும் மாறியது. இரண்டு காதத்தைக் கடக்க இரண்டு நாள் ஆயிற்று. போகிற வழியில் கோணப்பாறையையே ஒரு தடவை கடந்து போனார்கள்.

மூன்றாம் நாள் முற்பகலில் ஊசிமலைத் தொழுவத்துக்கு முன்னால் கட்டிலை இறக்கினார்கள். உள்ளே சிவப்பி கட்டுத்தறியில் நின்று காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தது. வாசலில் காவல்காரக் கிழவர் பெரியணன் கயிறு திரித்துக்கொண்டிருந்தார். மற்றவர்கள் எல்லோரும் அறுவடைக்குப் போயிருந்தார்கள்.

"ஐயா," என்றான் மூக்கன், "உங்ககிட்ட ஆயுதம் இருக்கா?"

"எதுக்கு?"

"உங்ககூடச் சண்டை போடணும்."

"கயிறு பாதியில கெடக்கு தம்பி. நாளைக்கு வாங்களேன்."

"நாளைக்கு மாடு கன்னு போட்டுரும். ஆயுதம் இருக்கா, இல்லையா?"

"இல்ல."

நாலு பேரும் ஒதுங்கிப் போய்ப் பேசினார்கள். ஆயுதம் இல்லாதவனோடு போரிடக் கூடாது. ஆகவே அவருக்கு ஆயுதம் வேண்டும். மூக்கன் தன் வாளைக் கொடுத்தான். தளபதி கொடுத்த பிறகு தாங்கள் கொடுக்காமல் இருப்பது மரியாதை இல்லை என்று மற்ற மூவரும் கொடுத்தார்கள்.

பெரியணன் மடியில் நாலு வாளை வைத்துக்கொண்டு ஏறிட்டுப் பார்த்தார்.

"இப்ப நான் உங்களை வெட்டலாமா?"

"அது எப்படி? எங்ககிட்ட ஆயுதம் இல்லையே," என்றான் இருளப்பன்.

"சரி, நீங்க என்னை வெட்டுங்க."

"எதை வைச்சு?"

பெரியணன் வெகுநேரம் யோசித்தார். "அப்போ யாரும் யாரையும் ஒண்ணும் செய்ய முடியாது."

"ஆமா."

"கஞ்சி குடிக்கிறீங்களா?"

குடித்தார்கள். வெங்காயமும் கொடுத்தார். அந்தச் சமயத்தில் தொழுவத்துக்குள் சிவப்பி நீளமாக ஒரு தடவை கத்தியது. பெரியணன் எழுந்து எட்டிப் பார்த்தார்.

"நேரம் வந்துருச்சுப்பா. பனிக்குடம் உடைஞ்சாச்சு. மனசு கேக்கலதான். ஆனா வழக்கம் வழக்கம்தான். கன்னு எங்களுக்கு."

உலகன் தலையில் கைவைத்துக்கொண்டான். "அத்தைகிட்ட நான் என்ன சொல்லுவேன்? ஊருக்கே திரும்ப மாட்டேன். ஐயா, உங்களுக்குக் கயிறு திரிக்க ஆள் வேணுமா?"

"கட்டு இறுக்கமா இருக்கு, பாவம்," என்றான் வேம்பன். "தளர்த்தி விடலாமா?"

"விடேன்," என்றார் பெரியணன். அவர் நல்லவர்.

வேம்பன் கட்டை அவிழ்த்தான். சிவப்பி தள்ளாடிக்கொண்டு வாசலுக்கு வந்தது. வெயிலில் கண்ணைச் சுருக்கியது. கட்டிலின் நடுவில், காற்றில் ஆடிக்கொண்டு, காத்தாயியின் முகம் அதை முறைத்தது.

சிவப்பி "அம்மா" என்று கத்திக்கொண்டு நேராக அங்கே போனது. முன்னங்காலைக் கட்டிலில் வைத்தது. கட்டிலின் நாலு காலும் விரிந்து விழுந்தன. தரையோடு தரையாகப் பரந்த மண்ணில் ஏறி நின்று, காத்தாயியின் கன்னத்தை நக்கியபடி, சிவப்பி கன்று போட்டது. கிடாரிக் கன்று. நெற்றியில் வெள்ளைப் பொட்டு.

கன்று எழுந்து நிற்கப் பார்த்தது.

"இது எந்த ஊர் மண்ணு?" என்றார் பெரியணன்.

"கோணப்பாறை மண்ணு. நாங்க நின்ன இடம்," என்றான் இருளப்பன். "நாங்க அந்த இடத்தை விட்டு நகரவே இல்ல."

பெரியணன் குனிந்து ஒரு பிடி மண்ணை எடுத்துப் பார்த்தார். ஊசிமலை மண் கருப்பு. இது சிவப்பு. நாற்பது வருடம் காவல் இருந்தவர், வழக்கத்தை மீறியதில்லை.

"கூட்டிட்டுப் போங்கப்பா," என்றார். "வாளெல்லாம்?"

"நீங்களே வச்சுக்கங்க. திருப்பிக் கொடுத்தா நீங்க ஆயுதம் இல்லாதவராயிடுவீங்க. எங்களுக்குக் கஷ்டம்," என்றான் மூக்கன்.

ஊசிமலைக்கு முதுகு காட்டக் கூடாது என்பதால் வழி முழுக்கப் பின்னால் நடந்தே வந்தார்கள். மண்ணை மூட்டைகளாகச் சிவப்பி சுமந்தது. கன்றை வேம்பன் சுமந்தான், கொடியை மூக்கன். ஊருக்குள் முதுகுகள் நுழைவதைப் பார்த்தவர்கள், வந்த எதிரி பயந்து ஓடுகிறான் என்று நினைத்துக் கைதட்டினார்கள்.

காத்தாயி ஓடிவந்து சிவப்பியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். கன்றைத் தடவினாள். பிறகு நிமிர்ந்து கொடியைப் பார்த்தாள். உலகன் வேம்பனுக்குப் பின்னால் போய் நின்றான்.

"யார் இது?"

"எதிரியை நடுங்க வைக்கிற உருவம், அத்தை."

காத்தாயி கிட்டப் போய் உற்றுப் பார்த்தாள்.

"மூக்குத்தியைக் காணோமே மாப்பிள்ளை," என்றாள்.

மாடு மீட்ட வீரனுக்கு நடுகல் வைப்பது அந்தப் பக்கத்து மரியாதை. பாளையக்காரர் மனம் குளிர்ந்து, கட்டை அவிழ்த்த வேம்பனுக்குக் கல் வைக்கச் சொன்னார். கல்தச்சர் வந்தார். கையில் வாளோடு ஒரு வீரன், பக்கத்தில் மாடு, கீழே ஒரு வரி. அவர் தகப்பனார் காலத்திலிருந்து எல்லாக் கல்லிலும் வெட்டுகிற அதே வரி. வெட்டி முடித்து ஊர் கேட்கப் படித்தார்:

"மாடு மீட்டுப் போரில் இறந்துபட்டான் வேம்பன்."

ஊரே வேம்பனைத் திரும்பிப் பார்த்தது.

"நான் இங்கதானே நிக்கேன்?" என்றான் வேம்பன்.

"உனக்குப் படிக்கத் தெரியுமா?" என்றான் இருளப்பன்.

"தெரியாது."

"அப்புறம் எதை வைச்சு மறுத்துப் பேசுறே? கல்லுல எழுதியிருக்கு."

"அதுவும் சரிதான்," என்றான் வேம்பன்.

அன்று முழுக்க ஊர் கூடி அழுதது. வேம்பனும் அழுதான். இவ்வளவு நல்லவனென்று இருக்கும்போது யாரும் சொல்லவில்லையே என்று அவனுக்கு ஆற்றாமை. அவன் மனைவி மாடத்தி பாளையக்காரரிடம் ஒரே ஒரு சந்தேகம் கேட்டாள்: "இனிமே இவருக்குச் சோறு போடணுமா, படைக்கணுமா?"

படைக்க வேண்டும் என்று தீர்ப்பாயிற்று. தினமும் நண்பகலில் கல்லுக்கு முன்னால் இலை போட்டுப் படைத்து, மூன்று தடவை சுற்றி, விழுந்து கும்பிட்டுவிட்டுப் போவாள் மாடத்தி. கல்லுக்குப் பின்னாலிருந்து வேம்பன் வந்து சாப்பிடுவான். உப்புக் குறைந்தால், வேம்பன் தன் கனவில் வந்து குறைப்பட்டதாக அவளிடம் சொல்லும்படி மறுநாள் உலகனை அனுப்புவான்.

வேம்பன் அதன்பிறகு முப்பத்தொரு வருடம் இருந்தான். ஓர் ஆவணி மாதம் காய்ச்சலில் இறந்தான். ஏற்கெனவே அழுதாகிவிட்டது என்று அன்றைக்கு எல்லோரும் களையெடுக்கப் போய்விட்டார்கள்.