இழையை அறுத்த வெண்ணி

உடம்புக்குள் இருக்கும் உயிரணுக்கள் வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்த காலம் அது. எலும்பு மஜ்ஜைக்குள் வெள்ளணுக்களின் குடி ஒன்று இருந்தது.

ஒவ்வோர் அணுவின் வயிற்றிலும் ஓர் இழை உண்டு. அது சொல்கிறபடிதான் கை முளைக்கும். எல்லோருக்கும் ஒரே இழை, அதனால் ஒரே மாதிரிக் கை. கிருமிகள் சும்மா இருக்குமா? நாளுக்கொரு முகத்தோடு வந்தன. பிடிக்கப் போன கைகள் வழுக்கின. உடம்பு காய்ச்சலில் கொதித்தது. உடம்பு போனால் எல்லோரும் போக வேண்டியதுதான்.

வளர்ந்துகொண்டிருந்த வெண்ணி என்னும் வெள்ளணுவுக்கு இது பொறுக்கவில்லை. "இழையை வெட்டி வேற மாதிரி ஒட்டினா வேற கை முளைக்கும். நான் வெட்டப் போறேன்" என்றாள்.

குடியே வேண்டாம் என்று தடுத்தது. இழை அறுந்தவர்களைக் காவல்காரர் கடுவன் தொட்டுக் கரைத்துவிடுவார். கொடுமைதான், ஆனால் காரணம் இருந்தது. அறுந்த இழையோடு இரண்டாகப் பிரிகிற அணு, பிறகு நிற்காமல் பிரிந்து புற்றாகிவிடும். வெண்ணியின் அக்கா பூவணி அப்படித்தான் போனாள். இதே யோசனையோடு இழையை வெட்டியவள், பழக்கதோஷத்தில் ஒட்டுவதற்கு முன்பே பிரியவும் தொடங்கிவிட்டாள். கடுவன் வந்தார், கரைத்தார்.

வெண்ணி முதலில் பிரிவதை நிறுத்தினாள். அணுக்களுக்கு அது நாம் மூச்சை அடக்குவது போல. அதன் பிறகுதான் வெட்டினாள். உடனே கடுவன் வந்து நின்றார்.

"என்ன காரியம் பண்ணிட்ட தாயி" என்று கையை நீட்டினார்.

"கொஞ்சம் பொறுங்கண்ணே. ஒட்டி முடிக்கிற வரைக்கும் பிரிய மாட்டேன். பிரிஞ்சா அப்பவே கரைச்சிடுங்க."

"ஒட்ட முடியலைன்னா?"

"அப்பவும் கரைச்சிடுங்க. உங்களைக் குத்தம் சொல்ல மாட்டேன்."

பூவணியைக் கரைத்த கை அது. கடுவன் அதை மடக்கவும் இல்லை, அவளைத் தொடவும் இல்லை.

வெண்ணி வேலையை விடவில்லை. முனைகள் பொருந்தவில்லை. நடுவில் கிடந்த துண்டை வீசிவிட்டு, கிடைத்த துணுக்குகளை இட்டு நிரப்பி, ஒருவழியாக முடிச்சுப் போட்டாள். கோணல் முடிச்சு. அந்தக் கோணலால்தான் யாரும் பார்த்திராத கை ஒன்று முளைத்தது. அது கிருமியின் முகத்தை இறுக்கிப் பிடித்தது. பிறகே அவள் பிரிந்தாள், ஒன்று நூறாக, நூறு ஆயிரமாக, அதே கையோடு. காய்ச்சல் இறங்கியது.

அன்றிலிருந்துதான், வளர்கிற வெள்ளணுக்கள் தங்கள் இழையைத் தாங்களே வெட்டினாலும் உடனே சாவதில்லை. பிரிவதை நிறுத்தி, ஆளுக்கொரு கோணல் முடிச்சுப் போட்டு, ஆளுக்கொரு கையோடு வெளியே வருகின்றன. கடுவனும் அன்றிலிருந்து பக்கத்திலேயே நிற்கிறார். நீட்டிய கையை இன்னும் மடக்கவில்லை.