பூவரசி அத்தை வீட்டுக்குப் போனது

மரத்துக்குக் கால் இருந்த, புல்லுக்கு வாய் இருந்த அந்தக் காலத்தில், மேற்கு மலையின் உச்சியில் எல்லாரும் ஒரே குடும்பமாக இருந்தார்கள். கால் என்றால் எல்லா மரத்துக்கும் இல்லை. கன்றுகள் மட்டும்தான் நடக்கும். ஓர் இடத்தில் வேர் விட்டுவிட்டால் அதோடு சரி. பிறகு ராஜாவே வந்து கூப்பிட்டாலும் எழுந்திருக்க முடியாது.

அந்தக் குடும்பத்துக்குத் தலைவர் பெரிய நாவல். மலை மடிப்பில், ஓடைக்கரையில், சண்பகம் இலவங்கம் என்று சொந்தபந்தங்களைச் சுற்றிலும் நிறுத்திக்கொண்டு வேர் ஊன்றி நின்றவர். அவருக்கு ஒரே தங்கை, புல்லாயி. ஆள் முழங்கால் உயரம்தான். வாய் மட்டும் மலை உயரம்.

"அண்ணே, உன் நிழல்ல எனக்கு மூச்சு முட்டுது. என் பங்கைப் பிரிச்சுக் குடுத்துடு" என்றாள் ஒரு நாள்.

பெரிய நாவல் முதலில் முறைத்தார், பிறகு முனகினார். தங்கை விடுவதாக இல்லை. கடைசியில், "சரி, சரிவும் முகடும் உனக்கு. மடிப்பும் ஓடையும் எனக்கு" என்றார். காற்று புரட்டியெடுக்கிற, ஒதுங்க இடமில்லாத மேடு அது. யாருக்கும் வேண்டாததைத் தங்கை தலையில் கட்டிவிட்டோம் என்று அவருக்கு உள்ளூரச் சிரிப்பு. புல்லாயியோ பாயை விரித்த மாதிரி முகடு முழுக்கப் பரந்து உட்கார்ந்துகொண்டாள். வரையாடுகள் குட்டிகளோடு வந்து அவளிடம் குடியேறின. வெயில் பட்டு மலையே பச்சையாக மின்னியது.

அதைப் பார்த்ததும் அண்ணனுக்கு வயிறு எரிந்தது. ஏமாந்துவிட்டோமோ என்று தோன்றிவிட்டது. மழைக்காலம் வந்ததும் கன்றுகளில் சிலரைக் கூப்பிட்டு, "அத்தை வீட்டு ஓரமாப் போய் வேர் விட்டுக்கங்க" என்று அனுப்பிவைத்தார். பனிக்காலம் முடிந்தபோது அவர்களில் ஒருவர்கூட உயிரோடு இல்லை.

அந்தச் சேதியைக் கொண்டுவந்தவன் சிரிப்பான் குருவி. இங்கே பார்த்ததை அங்கே சொல்லி, சொன்ன கையோடு சிரித்துவைப்பதுதான் அவன் பிழைப்பு. "உங்க தங்கச்சி பிள்ளைங்க கழுத்தைச் சுத்திப் பிடிச்சுக்கிட்டு இருந்தா. என் கண்ணால பார்த்தேன்" என்றான்.

சோலை முழுக்க இலை நடுங்கியது. "நெரிச்சுட்டாளா! அடுத்த மழைக்கு நம்ம கன்னுங்க அத்தனையும் மேல போகட்டும். அவளுக்கு நிக்க இடமில்லாமப் பண்ணிடுவோம்" என்று பெரிய நாவல் கர்ஜித்தார்.

அவர் காலடியில் இத்தனையும் கேட்டுக்கொண்டிருந்தாள் மகள் பூவரசி. ஊருக்குள் மஞ்சளாகப் பூக்கிற பூவரசு இல்லை, மலைமேல் வளரும் காட்டுப் பூவரசு. நாவலுக்கு எப்படி அது பிறந்தது என்று கேட்காதீர்கள். அந்தக் காலத்தில் யாரும் அதையெல்லாம் பார்த்ததில்லை. வேர் விடும் வயது தாண்டியும் ஓர் இடத்தில் நிற்கப் பிடிக்காமல் சோலை ஓரத்திலேயே சுற்றிக்கொண்டிருந்த பெண் அவள். சிறு வயதில் அத்தை மடியில் புரண்டவள். அத்தை அப்படிச் செய்வாள் என்று அவளால் நம்ப முடியவில்லை. நம்பாமல் இருக்கவும் முடியவில்லை, போன பிள்ளைகள் திரும்பவில்லையே. மிச்சமிருக்கிற தம்பி தங்கைகளும் போய்ச் செத்தால் என்ன செய்வது என்று நினைக்கவே அவளுக்குப் பகீரென்றது.

"அப்பா, எல்லாரையும் அனுப்பாதீங்க. இந்த மழைக்கு நான் மட்டும் போறேன். பனி முடிஞ்சும் நான் உசுரோட இருந்தா அத்தை மேல தப்பில்லை. இல்லாட்டி உங்க இஷ்டம்."

"உசுரோட இருக்கேன்னு எனக்கு எப்படிடி தெரியும்? நான் வந்து பார்க்கவா முடியும்?"

"தெரியற மாதிரி ஏதாவது பண்ணறேன்" என்றாள் பூவரசி. என்ன பண்ணுவது என்று அப்போது அவளுக்கே தெரியாது.

மழையோடு மழையாக மேலே ஏறினாள். அவளைப் பார்த்ததும் புல்லாயிக்குச் சந்தோஷம் ஒரு பக்கம், கோபம் ஒரு பக்கம்.

"எதுக்குடி வந்தே? ஓடிப் போயிடு. பனி விழுந்தா நீ தாங்க மாட்டே."

"பிள்ளைங்களை நீ என்ன பண்ணினே அத்தே? கழுத்தை நெரிச்சியா?"

மலை உயரத்துக்குப் பேசுகிற புல்லாயியின் குரல் பிறந்ததிலிருந்து முதல் தடவையாகத் தாழ்ந்தது. "போர்த்தினேன்டி" என்றாள். "பனி விழுந்துச்சு, போர்த்தினேன். என் உயரம் அதுங்க கழுத்து வரைக்கும்தான் எட்டிச்சு. தலை வெளிய நின்னுபோச்சு. நான் என்ன செய்வேன்?"

பூவரசிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அத்தையைக் கட்டிக்கொள்ளக் குனிந்தபோதுதான் காலடியில் ஈரத்தைப் பார்த்தாள். புல் வேர்களுக்குள் மழைத்தண்ணீர் தேங்கி, சொட்டுச் சொட்டாகச் சரிவில் இறங்கிக்கொண்டிருந்தது. எங்கே போகிறது என்று கண்ணாலேயே தொடர்ந்தாள். அது நேரே அப்பாவின் ஓடைக்குப் போனது.

"அத்தே, நம்ம வீட்டு ஓடை இங்கிருந்தா வருது?"

"பின்னே? மழை கொட்டினா ஒரே நாள்ல உருண்டு ஓடிடும். பிடிச்சு வச்சுக் கொஞ்சங்கொஞ்சமா விடறேன். கோடையில அண்ணன் தொண்டை காயக் கூடாதில்ல?"

"அப்பாகிட்ட சொல்ல வேண்டியதுதானே?"

"பங்கு பிரிச்சுக்கிட்டு வந்தவ, போய்ச் சொல்லிக்காட்டுவேனா? போடி."

கன்றுகள் எல்லாம் மேலே வந்து அத்தையை அழித்தால், பிள்ளைகளும் பனியில் போவார்கள், ஓடையும் போகும், அப்பாவும் போவார். திரும்பிப் போய் வாயால் சொன்னால் அப்பா நம்ப மாட்டார், பனியில் நின்று காட்டினால்தான் நம்புவார் என்று பூவரசிக்குத் தோன்றியது. புல்வெளி நடுவில் ஒரு நல்ல இடமாகப் பார்த்து வேரை இறக்கிவிட்டாள். இனி இந்தக் கால் சோலைக்குத் திரும்பாது. "அடிப் பாவி!" என்று புல்லாயி தலையில் அடித்துக்கொண்டாள்.

நடந்தது நடந்துவிட்டது. புல்லாயி தன் காய்ந்த புல்தாள்களிலிருந்து பஞ்சு பஞ்சாக எடுத்துக் கொடுத்தாள். அதைப் பூவரசி இலைகளுக்கு அடியில் ஒட்டிக்கொண்டாள். பட்டையைக் கம்பளி மாதிரித் தடியாக்கிக்கொண்டாள். காற்று தள்ளுகிற பக்கமே வளைந்துகொடுத்தாள். சோலையில் நிமிர்ந்து வளர்ந்திருந்தால் அழகி என்று பேர் வாங்கியிருப்பாள். இங்கே கோணலாக நின்றாலும் வெயில் அத்தனையும் அவளுக்குத்தான், வானமும் அவளுக்குத்தான். வரையாட்டுக் குட்டிகள் அவள் முதுகில் முதுகு தேய்த்துவிட்டுப் போகும். அத்தையின் வாய் ஓயாது. பூவரசிக்கு அந்த இடம் பிடித்துப்போய்விட்டது.

பிறகு பனி வந்தது. ஒரு காலையில் மலை முழுக்க உப்பைக் கொட்டியது போல வெள்ளை. அத்தை தலை கருகி, வேருக்குள் ஒளிந்துகொண்டாள். பூவரசி இலைகளைச் சுருட்டித் தொங்கவிட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். அந்த நேரம் பார்த்துச் சிரிப்பான் தலைக்கு மேலே பறந்தான். இலைகள் தொங்குவதைப் பார்த்தான். அவ்வளவுதான், கீழே போய், "உங்க பொண்ணும் போயிட்டா!" என்று ஒப்பித்துவிட்டான்.

சோலையிலிருந்து எழுந்த ஓலம் காற்றோடு மேலே வந்து பூவரசிக்குக் கேட்டது. கூடவே அப்பாவின் குரலும் கேட்டது. "கிளம்புங்கடா எல்லாரும்!"

அவள் கத்தினாள். எதிர்காற்று குரலை அவள் மேலேயே திருப்பி அடித்தது. கிளையை ஆட்டினாள். வெள்ளைப் பனியில் அது யார் கண்ணுக்குத் தெரியும்? அவள் வீட்டில் எல்லாரும் பூப்பது வெள்ளைப் பூ. வெள்ளையாகப் பூத்தும் பிரயோஜனம் இல்லை. சின்னத் தம்பிகள் சோலை ஓரம் வரைக்கும் வந்துவிட்டார்கள். பூவரசி மூச்சைப் பிடித்துக்கொண்டு, இருக்கிற பலத்தையெல்லாம் கூட்டி முக்கினாள். முகம் சிவந்தது. அந்தச் சிவப்பு கிளை நுனி வரைக்கும் ஏறி, கொத்துக் கொத்தாக வெடித்துப் பூத்தது.

முன்னால் வந்த பொடியன் நின்றுவிட்டான். "அப்பா! அக்கா அங்க நிக்குது! சிவப்பா!"

பெரிய நாவல் நிமிர்ந்து பார்த்தார். சிரிப்பானைக் கூப்பிட்டு, "இந்தத் தடவையாவது கிட்டப் போய்ப் பார்த்துட்டு வாடா" என்றார். அசடு வழிய வந்த சிரிப்பானுக்குப் பூவரசி பூவிலிருந்து தேன் கொடுத்தாள். பனி செய்ததையும், அத்தை போர்த்தியதையும், ஓடை எங்கிருந்து வருகிறது என்பதையும் சொல்லி அனுப்பினாள். தேன் குடித்த வாய், முதல் தடவையாக, கேட்டதைக் கேட்டபடி போய்ச் சொன்னது.

பெரிய நாவல் எல்லாவற்றையும் கேட்டார். பிள்ளைகளைத் திரும்பி வரச் சொன்னார். தங்கை அனுப்பிய தண்ணீரைத்தான் தன் ஓடை என்று சொல்லிக்கொண்டு குடித்திருக்கிறோம் என்று நினைத்தபோது அவருக்கு வெட்கமாகப் போய்விட்டது. மகளுக்குப் பதில் சொல்ல வேண்டும், குரலோ எழும்பவில்லை. அப்போது அவர் விட்ட புதுத் தளிரெல்லாம் சிவந்து வந்தது. அதைப் பார்த்து இலவங்கம் சிவந்தது, பக்கத்தில் நின்ற மற்ற மரங்களும் ஒவ்வொன்றாகச் சிவந்தன.

மேலே புதுசாகத் தலை நீட்டிய புல்லாயி எட்டிப் பார்த்தாள். "எங்க அண்ணனுக்கு வெட்கத்தைப் பாரேன்!" என்று சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணையும் துடைத்துக்கொண்டாள்.

அன்று முதல்தான் மலை மடிப்பில் சோலையும் மேட்டில் புல்லும் சண்டையில்லாமல் வாழ்கின்றன. பனிக்காலத்தில் புல்வெளியில் ஒண்டியாக நிற்கும் காட்டுப் பூவரசு, "இருக்கேன்பா" என்று சிவப்பாகப் பூக்கிறது. அதற்குப் பிறகுதான் கீழே சோலை, "பார்த்துட்டேன் தாயி" என்று சிவந்த தளிர் விடுகிறது.