தூக்குகுண்டு அடங்கும் வரை

இது நடந்தபோது நான் அங்கே இல்லை. தென்காசி பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் சொன்னது. அவருக்கு அவர் மச்சான் சொன்னாராம். மச்சானுக்கு யார் சொன்னது என்று கேட்பதற்குள் அவர் இறங்க வேண்டிய ஊர் வந்துவிட்டது.

தவசிக்கண்ணுவுக்கு அந்த வாரம் சோறு இறங்கவில்லை. பிள்ளைப்பேற்றுக்குத் தாய்வீடு போன மனைவி செண்பகாதேவி ஃபோனில் கறாராகச் சொல்லிவிட்டாள். "வெள்ளிக்கிழமை பிள்ளையோட வாரேன். மறைவாக் குளிக்க நாலு சுவர் இருந்தா உள்ள வருவேன். இல்லேன்னா வந்த கார்லயே திரும்பிருவேன்." மகள் முகத்தை அவன் அதுவரை பார்த்ததே இரண்டு தடவைதான்.

பின்னறையின் மூலையைத் தடுத்து இரண்டு சுவர் எழுப்பினால் குளியலறை தயார். உதவிக்கு அண்ணன்மார் உச்சிமாகாளியும் குத்தாலிங்கமும் இருந்தார்கள். கவலையே அதுதான்.

முந்தின ஞாயிற்றுக்கிழமை மூவரும் கல்யாண மண்டபத்தில் ஒரு சொற்பொழிவு கேட்டிருந்தார்கள். "வீட்டைச் செப்பனிடுவதே தவம். ஒவ்வொரு செங்கல்லும் ஓர் உயிர். கொத்தனாரின் ஒவ்வொரு கருவியும் குரு" என்று ஒருவர் உருகி உருகிப் பேசினார். கைதட்டல் ஓய ஐந்து நிமிஷம் ஆயிற்று. ஐயா என்றைக்காவது சொந்தக் கையால் சுண்ணாம்பு அடித்திருக்கிறாரா என்று ஒருவரும் கேட்கவில்லை.

திங்கட்கிழமை, மூலையில் இருந்த பழைய தொட்டியை இடிக்க ஆரம்பித்தார்கள். ஒவ்வொரு செங்கல்லிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இடித்தார்கள்.

"ஏல, பதிலே வரலியே?" என்றான் உச்சிமாகாளி.

"மௌனம் சம்மதம்ணே" என்றான் குத்தாலிங்கம்.

"இது அரைச் செங்கல்லால்ல இருக்கு? அப்போ அரைச் சம்மதம்தானே?"

மத்தியானம் வரை யோசித்து, அரைச் செங்கல்லிடம் இரண்டு தடவை கேட்பது என்று முடிவாயிற்று.

செவ்வாய்க்கிழமை வேலாண்டிக் கொத்தனார் வந்தார். அவர் கரண்டியை எடுத்ததும் உச்சிமாகாளி நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான். அவர் காலில் அல்ல, கரண்டியின் முன்னால். கொத்தனார் அவசர அவசரமாக முதல் வரிசையை வைத்து, சுவர் நேர் பார்க்க நூலில் தூக்குகுண்டைக் கட்டித் தொங்கவிட்டார். "குண்டு ஆடாம நின்ன பிறகுதான் அடுத்த கல்லு வைக்கணும். முந்தி வெச்சா கோணிரும்" என்று சொல்லிக்கொண்டே வாசல் தாண்டினார். அப்புறம் அவரைக் காணோம்.

அறையில் புழுக்கம். ஸ்டாண்டு ஃபேன் சுழன்றுகொண்டிருந்தது. குண்டு ஆடிக்கொண்டிருந்தது.

"நம்ம மூணு பேர்ல எவன் மனசோ அலைபாயுது" என்றான் உச்சிமாகாளி. "குரு காட்டிக் கொடுக்காரு."

இருவரும் தவசிக்கண்ணுவைப் பார்த்தார்கள்.

"பொண்டாட்டி பிள்ளையை நினைக்கது தப்பாண்ணே?"

"தப்பில்லல. அதைத் தெருவுல நின்னு நினை."

அவன் போய் வெயிலில் நின்றான். குண்டு அப்போதும் ஆடியது.

"தெருவுல நின்னே ஆட்டுதானே!" என்று மலைத்தான் குத்தாலிங்கம். "இவன் மனசுக்கு இம்புட்டுப் பலமாண்ணே?"

புதன்கிழமை பத்து நிமிஷம் கரண்ட் போயிற்று. குண்டு அசையாமல் நின்றது. குத்தாலிங்கம் அழுதேவிட்டான். ஏழு கல் வைப்பதற்குள் கரண்ட் வந்தது. ஞானம் போயிற்று.

"கரண்ட் இருக்கிற இடத்துல மனசு அடங்காதுல" என்று கண்டுபிடித்தான் உச்சிமாகாளி.

வியாழக்கிழமை மூவரும் மின்சார ஆபீசுக்குப் போய், தங்கள் தெருவுக்குத் தினம் ஆறு மணி நேரம் மின்தடை வேண்டும் என்று மனுக் கொடுத்தார்கள். அதிகாரி மூன்று தடவை படித்துவிட்டு, டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினார். அன்றைக்கென்று பார்த்து விளக்கு ஒருமுறை கூட மினுங்கவில்லை.

வெள்ளிக்கிழமை கார் வந்தது. சுவர் முழங்கால் உயரம்.

"இதான் நாலு சுவரா?" என்றாள் செண்பகாதேவி, பிள்ளையை இறக்காமலே.

"எம் மனசு அடங்க மாட்டேங்குது, தேவி" என்றான் தவசிக்கண்ணு.

அவள் ஆடுகிற குண்டைப் பார்த்தாள். சுற்றுகிற ஃபேனைப் பார்த்தாள். தான் கட்டிக்கொண்டவனையும் ஒருமுறை பார்த்தாள். சுவிட்சைத் தட்டினாள். ஃபேன் நின்றது. குண்டும் நின்றது.

மூன்று பேரும் தடாலென்று அவள் காலில் விழுந்தார்கள்.

"ஒத்தை விரல்லயா தாயீ!"

"ஃபேனை நிறுத்தினேன் அத்தான், அவ்வளவுதான்."

"பாத்தியால அடக்கத்தை? பெருமையெல்லாம் ஃபேனுக்கே குடுத்துட்டா!"

மூன்று தடவை விளக்கிப் பார்த்துவிட்டு அவள் கைவிட்டாள். "சரி, குருவாவே சொல்லுதேன். நானும் பிள்ளையும் பக்கத்து வீட்ல இருப்போம். நாளைச் சாயங்காலத்துக்குள்ள சுவர் எந்திரிக்கணும். இல்லேன்னா ஊருக்குப் போயிருவேன்."

எழுந்தது. சனிக்கிழமை சாயங்காலம் பிள்ளைக்கு அதற்குள்தான் குளியல். துண்டைப் பிடித்துக்கொண்டு தவசிக்கண்ணு வாசலில் நின்றான்.

கேட்டதை அப்படியே நம்ப மனம் வராமல் சித்திரை மாசத்தில் நானே அந்த ஊருக்குப் போனேன். குளியலறை இருக்கிறது. குண்டு கட்டிப் பார்த்தேன், சுவர் நேர்தான். முன்னறையில் அந்த ஃபேன், மாலையும் சந்தனமுமாக, ஓடாமல் நிற்கிறது. நல்ல வெயில். அதற்கு வியர்த்துவிடக் கூடாதென்று அண்ணன் தம்பி மூவரும் முறைவைத்துப் பனைவிசிறியால் வீசிக்கொண்டிருந்தார்கள்.