கோணல் மரமும் கோலப்பன் கையும்

ரொம்பக் காலத்துக்கு முன்னே, மழைக்கும் பஞ்சமில்லை, ராஜாவின் கோபத்துக்கும் பஞ்சமில்லை என்று கொன்றைநாடு ஒன்று இருந்தது. அதைக் கனகமாறன் ஆண்டு வந்தார். அவர் தாத்தா காலத்துச் சட்டம் ஒன்று அங்கே உண்டு. கோணல் மரம் கோட்டைக்குள் வந்தால் ஆட்சியே கோணிப்போகுமாம். அதைக் கொண்டு வந்தவனுக்கு வலது கை போய்விடும்.

அப்பேர்ப்பட்ட ராஜாவுக்கு ஆசை வந்ததைப் பாருங்கள், யானைத் துதிக்கை மாதிரி வளைந்த கால் வைத்த ஆசனம் வேண்டுமென்று! வேலை கோலப்ப ஆசாரி தலையில் விழுந்தது. மரக்கிடங்குக்கு அதிகாரி அம்பலராயர். மந்திரி வெண்காடரைக் கண்டாலே அவருக்கு வயிறு எரியும். கோலப்பனை அழைத்து வந்தவர் வெண்காடர் என்பதால் அவன்மேலும் அதே எரிச்சல். நூல் பிடித்தாற்போல் நேரான தேக்காகப் பார்த்து அனுப்பினார்.

நேர் மரத்தில் வளைவு செதுக்கினால், வளைகிற இடத்தில் மரத்துக்குள் ஓடும் நார் ரேகை குறுக்கே அறுபட்டுப்போகும். கோலப்பன் சொல்லிப் பார்த்தான், ராயர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ராஜா உட்கார்ந்தார், கால் முறிந்தது, ராஜா தரையில் கிடந்தார். ஒட்டுப்போட்டுக் கொடுத்தான். மறுபடியும் முறிந்தது.

"இன்னொரு தடவை நான் விழுந்தால் உன் தலை இருக்காது" என்றார் ராஜா.

கோலப்பன் என்ன செய்வான், பாவம்? தானாகவே வளைந்து வளர்ந்த கருவேலங்கிளைகளைத் தேடி வெட்டினான். அதில் ரேகையும் கூடவே வளையும், ஒடியாது. வைக்கோலுக்குள் மறைத்து வண்டியில் ஏற்றி வந்தான். கோட்டைக்குள் நுழைந்ததுமே அம்பலராயர் வண்டியை மடக்கி, வைக்கோலை விலக்கச் சொன்னார்.

சபை நடுவில் வலது கையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றான் கோலப்பன். இந்தக் கை போனால் உளி எப்படிப் பிடிப்பது? வீட்டில் உலை எப்படிக் கொதிக்கும்? மனைவி இசக்கியம்மாளிடம் எந்த முகத்தோடு போய் நிற்பது? அவனுக்கு அழக்கூட வரவில்லை.

வெண்காடர் எழுந்தார். "சட்டம் சட்டம்தான், மகாராஜா. கையை வெட்டத்தான் வேண்டும்."

கோலப்பனுக்கு இருந்த ஒரே துணையும் கைவிட்டாயிற்று.

"ஆனால் கோட்டைக்குள் இன்னொரு கோணல் மரம் இருக்கிறது. அதைக் கொண்டு வந்தவரையும் சேர்த்தே தண்டித்துவிடலாம்" என்றார் வெண்காடர்.

அம்பலராயர் முந்திக்கொண்டார். "யாராக இருந்தாலும் தயவு தாட்சண்யம் கூடாது, மகாராஜா."

"அப்படியே ஆகட்டும். எங்கே அந்த மரம்?" என்றார் ராஜா.

காவலர்கள் தூக்கி வந்தது பொன் தகடு போர்த்திய கலப்பை. ஒவ்வொரு சித்திரையிலும் ராஜாவே அதில் முதல் உழவுச் சால் ஓட்டி, தம் தோளிலேயே சுமந்து கோட்டைக்குள் கொண்டு வருவார். வெண்காடர் தகட்டை ஓரமாக நெம்பிக் காட்டினார். உள்ளே இருந்தது வளைந்த கருவேலங்கட்டை.

"நேர் மரத்தில் செய்தால் முதல் சாலிலேயே ஒடிந்துவிடும். அதனால் உங்கள் தாத்தாவும் இதைத்தான் சுமந்தார். இப்போது எந்தக் கையை வெட்டுவது என்று ராயரே சொல்லட்டும்."

ராஜா தம் வலது கையை ஒருதரம் பார்த்தார். பிறகு சபை அதிரச் சிரித்தார்.

"அந்தச் சட்டம் இன்றோடு ஒழிந்தது. ராயரே, நீர் பொறுக்கியெடுத்த தேக்கில் செய்த ஆசனம் அதோ கிடக்கிறது. ஒட்டுப்போட்டுத் தருவார்கள், சபை கலைகிறவரை நீரே அதில் உட்காரும்."

ராயர் உட்கார்ந்தும் உட்காராமலும், பாரத்தையெல்லாம் தொடையில் தாங்கிக்கொண்டு வியர்த்து வழிந்தார்.

ராஜா தம் தங்கக் கடகத்தைக் கழற்றிக் கோலப்பனிடம் நீட்டினார். அவன் இடது கையை நீட்டினான். சபைக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"வலது கையை நீட்டு" என்றார் ராஜா.

"மன்னிக்கணும் சாமி. இந்தச் சபையில அதை வெளியே எடுக்கப் பயமா இருக்கு."

ராஜாவின் சிரிப்பு நின்றுபோயிற்று. இறங்கி வந்து, கடகத்தை அந்த இடது கையிலேயே வைத்தார்.

பிறகு கருவேலங்காலோடு கோலப்பன் செய்த ஆசனம் ஒடியவே இல்லை. ஆனால் அதை வண்டியேற்றி அரண்மனைக்குக் கொண்டுபோனது இசக்கியம்மாள்தான். கோலப்பன் அந்தக் கோட்டை வாசலை மறுபடி மிதிக்கவில்லை.