ஆர்க்கிட்டுக்கு ஊற்றிய அபிஷேகப் பால்

ஏற்காடு பஸ்ஸில் மரகதவல்லி மடியில் ஒரு தொட்டியை வைத்து, அதிலிருந்த செடியை முந்தானையால் போர்த்தி உட்கார்ந்திருந்தாள்.

"பிள்ளை தூங்குதா பெரியம்மா? அரை டிக்கெட் போட்டுடவா?" என்றார் கண்டக்டர்.

பஸ்ஸே சிரித்தது. அவளும் சிரித்தாள். மனசுக்குள் என்னவோ முருகா முருகா என்றுதான் ஓடிக்கொண்டிருந்தது.

செடி மருமகள் தாரிணியுடையது. ஆர்க்கிட். மகனுக்கு ஓசூரில் வேலை கிடைத்து இருவரும் தனிக்குடித்தனம் போனபோது, "லாரி ஆட்டத்தை இது தாங்காது அத்தை, நீங்களே பார்த்துக்கங்க" என்று கையில் கொடுத்துவிட்டுப் போனாள். வீட்டுக்கு வந்த நாளிலிருந்து மருமகள் அவளை நம்பி ஒப்படைத்த பொருள் அது ஒன்றுதான். இந்த ஞாயிற்றுக்கிழமை தாரிணி வருகிறாள். செடியோ இலையெல்லாம் கருப்புப் புள்ளி. இலை இடுக்குகளில் திருநீறு சிந்தினாற்போல மாவுப்பூச்சி.

மலையில் குகானந்த சாமியின் குடில். வயதில் மரகதவல்லிக்குத் தம்பி போன்றவர்தான். ஆனாலும் அவரிடம்தான் அவள் உபதேசம் வாங்கியிருந்தாள். குடில் முன்னால் மரக்கிளைகளில் அவரும் ஆர்க்கிட் கட்டி வைத்திருந்தார்.

சாமி தொட்டியை வாங்கினார். தம் செடிகளுக்குப் பக்கத்தில் வைக்காமல், தூரத்தில் இருந்த துவைக்கிற கல்லில் கொண்டுபோய் வைத்தார்.

அவளுக்குச் சுருக்கென்றது. "ஏன் சாமி, தீட்டா?"

"அம்மை போட்ட பிள்ளையை மத்த பிள்ளைகளோடயா படுக்க வைப்பீங்க?"

அவள் கல்லருகே தரையில் உட்கார்ந்தாள்.

"சாமி, நான் இதுக்கு என்ன குறை வச்சேன்?"

அவர் குனிந்து செடியை மோந்து பார்த்தார். வரிசையாக எறும்புகள் அவர் கையில் ஏறின.

"தேன் வாசம் வருதே அம்மா."

மரகதவல்லிக்கு முகம் மலர்ந்தது. "வராம இருக்குமா? சாயங்காலம் முருகனுக்கு அபிஷேகம் பண்ணுற பால், தேன், பன்னீர் எல்லாத்தையும் இது தலையிலதான் ஊத்துறேன். அபிஷேகத் தண்ணி கால் படாத இடத்துல விழணும் இல்லீங்களா? எங்க வீட்டுல இது இருக்கிற ஜன்னல்லதான் யார் காலும் படாது. புண்ணியம் இதுக்கும் சேரட்டுமேன்னு ஒரு நாள் விட்டதில்லை. புள்ளி வந்த பிறகு ரெண்டு வேளையும் ஊத்துறேன்."

"நீங்க குறையே வைக்கலை அம்மா."

"அதான் கேக்கறேன் சாமி."

"கொஞ்சம் குறை வச்சிருந்தா தேறியிருக்கும்."

அவள் கண் கலங்கிவிட்டது. "சாமிக்குப் பண்ணினது தப்பாயிடுமா?"

"சாமி கல்லா நின்னு வாங்கிக்கிறார். இது காத்தைக் குடிச்சு மரக்கிளையில வாழுற ஜாதி. ராத்திரி பூரா குருத்துல பால் நின்னா அழுகாம என்ன செய்யும்?"

பிறகு அவர் ஒரு பிளேடை விளக்கில் காட்டிச் சுட்டார். புள்ளி விழுந்த இடத்தைத் தாண்டி, நல்ல பச்சையிலேயே இலையை அறுத்தார். மரகதவல்லி கண்ணை இறுக மூடிக்கொண்டாள். அறுத்த வாயில் அவர் ஏதோ தூளைத் தொட்டு வைத்த வாசனைக்குத்தான் திறந்தாள்.

"குருமாவுக்குப் போடற பட்டையா சாமி?"

"அதேதான். புண்ணு காயும்."

சோப்புத் தண்ணீரும் துணியும் அவள் கைக்கு வந்தன. பேரப்பிள்ளையின் காதுமடலைத் துடைப்பதுபோல் அவள் ஒவ்வொரு இடுக்காகத் துடைத்தாள். நல்ல தண்ணீரில் கழுவி ஈரத்தை ஒற்றி எடுத்ததும் பார்த்தால், மூன்று இலைதான் மிச்சம். ஆனால் மூன்றும் சுத்தமாக இருந்தன. தொட்டிக்குள் ஒரு வேரின் நுனி பச்சையாக முளைவிட்டிருந்தது.

"மொட்டையா நிக்குதே சாமி. அவ பார்த்தா என்ன நினைப்பா? பேசாம கடையில இதே மாதிரி ஒண்ணு வாங்கி வச்சுடட்டுங்களா?"

"அதுக்கும் பால் ஊத்துவீங்களா?"

அழுகையினூடே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இல்லீங்க சாமி. நடந்ததை அவகிட்ட சொல்லிடறேன்."

"காலையில தொட்டிக்குள்ள இருக்கிற தேங்காய் மட்டை நனையக் கொஞ்சம் தண்ணி. தலையில வேண்டாம். மட்டை காஞ்ச பிறகு மறுபடியும்."

"மத்த நேரம் நான் என்ன செய்யட்டும்?"

"பாருங்க."

"சும்மாவா?"

"சும்மா."

தொட்டியைக் கையில் எடுத்தபோது அவளுக்கு மனசு லேசாகிவிட்டது. பேச்சும் தானாக வந்தது.

"ஞாயித்துக்கிழமை அவளுக்கு எண்ணெய் தேய்ச்சு விடணும் சாமி. ஓசூர் தண்ணிக்கு முடி கொட்டியிருக்கும். நெய் உருக்கி வச்சிருக்கேன், அதிரசத்துக்கு மாவு இடிச்சாச்சு. தனியா சமைச்சு என்னத்தைச் சாப்பிட்டாளோ, இளைச்சுத்தான் போயிருப்பா. விடிஞ்சதும் ரூம்லயே கஷாயம் கொண்டுபோய்க் குடுத்துட்டு..."

சாமி கையைக் கழுவிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டார்.

"அம்மா, செடிக்கு வாய் இல்லை. போதும்னு சொல்ல முடியலை."

"ஆமாங்க சாமி, பாவம்."

"உங்க மருமகளுக்கு வாய் இருக்கே. என்னைக்காவது சொன்னாங்களா?"

மரகதவல்லி பதில் சொல்ல வாயைத் திறந்தாள். சாப்பாட்டுத் தட்டின் மேல் குறுக்கே நீண்ட தாரிணியின் இரண்டு கைகள் கண்முன்னே வந்து நின்றன. நெய்க்கரண்டியோடு அந்தக் கைகளை அவளேதான் எத்தனையோ நாள் விலக்கியிருக்கிறாள்.

அவள் தனக்குள்ளேயே மெல்லச் சிரித்துக்கொண்டாள்.