குளத்துப் பாசியும் பிரதானியின் மூன்று நியாயங்களும்

நெடுங்கோட்டையை ஆண்ட பூவராக மகாராஜா நல்ல மனிதர்தான். ஆனால் யார் உரக்கப் பேசினாலும் தலையாட்டிவிடுவார். போதாததற்கு அந்த அவையில் ஒரு விசித்திர வழக்கம் வேறு. யாராவது ஒரு நியாயம் சொல்லி, மகாராஜா "ஏற்றோம்" என்றுவிட்டால், அன்று முழுவதும் அது அவைக்கே பொதுச் சொத்து. யார் வேண்டுமானாலும், யாருக்கு எதிராக வேண்டுமானாலும் அதை எடுத்து வீசலாம். பிரதானி அனந்தநாராயணருக்கு இது தெரியும். தன் மேல் வீச யாருக்குத் துணிச்சல் வரும் என்ற மிதப்பில் இருந்தார்.

ஒருநாள் ஆப்பக்கடை அங்காயியைச் சேவகர்கள் அவைக்கு இழுத்து வந்தார்கள். ஊரே குடிக்கிற கோட்டைக் குளம் பாசி பிடித்துக் கிடக்கிறது, தூர் வார நாதியில்லை என்று சந்தையில் நாலு பேர் கேட்கச் சொல்லிவிட்டாளாம். குளம் பிரதானியின் பொறுப்பு. மனிதருக்கு வந்ததே கோபம்! பொழுது சாய்வதற்குள் அவள் ஊரைவிட்டே போக வேண்டும் என்று கேட்டார்.

"சாமி, நாலு புள்ளைங்கள வச்சுக்கிட்டு நான் எங்க போவேன்? குளத்தத்தானே சொன்னேன், உங்கள ஒண்ணும் சொல்லலியே!" என்று அழுதாள் அங்காயி. பார்க்கவே பாவமாக இருந்தது.

பிரதானி தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"மகாராஜா! இவள் சுடும் ஆப்பம் தினமும் தீய்ந்துபோகிறது. ஆப்பமே ஒழுங்காகச் சுடத் தெரியாதவள் குளத்தைப் பற்றிப் பேசலாமா?"

மகாராஜாவுக்குப் பேச்சுத்துணையாக அவையில் பிச்சாண்டி என்று ஒருவன் இருந்தான். அவன் துள்ளி எழுந்தான்.

"ஆஹா, என்ன நியாயம்! ஏற்றோம் என்று சொல்லுங்கள் மகாராஜா!"

"ஏற்றோம்."

அங்காயி பிச்சாண்டியை முறைத்த முறைப்பில் வேறு யாராக இருந்தாலும் உட்கார்ந்திருப்பார்கள். அவன் உட்காரவில்லை.

"இன்னும் கேளுங்கள்" என்றார் பிரதானி. "நன்றாகத் தின்றுகொண்டிருந்த பட்டத்து யானை, இவள் பேசிய மறுநாள் கரும்பைத் தொடவில்லை. இவள் வாய்தான் காரணம்!"

"இதற்கு மேல் என்ன வேண்டும்? ஏற்றுக்கொள்ளுங்கள் மகாராஜா!" என்றான் பிச்சாண்டி.

"ஏற்றோம்."

பிரதானிக்கு ஒரே குஷி. குரலை இன்னும் உயர்த்தினார். "முடிவாக ஒன்று. மகாராஜாவின் பக்கம் நிற்பவன் இவளைத் துரத்தச் சொல்வான். வேண்டாம் என்பவன் மகாராஜாவின் விரோதி!"

அவளுக்காக ஏதோ சொல்ல வாயெடுத்த இரண்டு பெரியவர்கள் சட்டென்று வாயை மூடிக்கொண்டார்கள். பிச்சாண்டி மட்டும் கைதட்டினான். அதையும் மகாராஜா ஏற்றார்.

"மூன்றும் அவைச் சொத்து ஆகிவிட்டது. இனி நானும் கொஞ்சம் எடுத்துக்கொள்கிறேன்" என்றான் பிச்சாண்டி. "மகாராஜா, பிரதானியார் பதவிக்கு வந்தது போன சித்திரையில். அதற்கு முன்பு உங்கள் தலைமுடி எப்படி இருந்தது?"

"அதை ஏன் கேட்கிறாய்? கோதினால் விரல் சிக்கிக்கொள்ளும்!"

"இப்போது?"

மகாராஜா கிரீடத்துக்குள் விரலை விட்டுத் தடவினார். முகம் வாடிவிட்டது. "சீப்பை எடுக்கவே பயமாக இருக்கிறதப்பா."

"அப்படியானால் காரணம் யார்? யானைக்குச் சொன்ன அதே நியாயம்தான்."

அவை மொத்தமும் பிரதானியைத் திரும்பிப் பார்த்தது.

"அபத்தம்! வயதானால் முடி உதிரத்தான் செய்யும்!"

"பிரதானியாரே, அந்தத் தலைப்பாகையைக் கொஞ்சம் கழற்றுங்கள்."

கழற்றினார். உள்ளே துலக்கி வைத்த தாம்பாளம் மாதிரி பளபளத்தது.

"சொந்த முடியையே காப்பாற்றத் தெரியாதவர் மகாராஜாவின் முடியைப் பற்றிப் பேசலாமா? இது ஆப்பத்துக்குச் சொன்னது."

"மகாராஜா, இவன்..."

"பொறுங்கள், இன்னும் ஒன்று பாக்கி. மகாராஜாவின் பக்கம் நிற்பவன் பிரதானியை ஊரைவிட்டுத் துரத்தச் சொல்வான். வேண்டாம் என்பவன் மகாராஜாவின் விரோதி. நீங்கள் எந்தப் பக்கம், பிரதானியாரே?"

மகாராஜாவின் பார்வை சேவகர்கள் பக்கம் போனது. பிரதானி கத்தியே விட்டார்.

"ஒன்றுக்குப் பின் இன்னொன்று நடந்தால் முன்னது காரணமாகிவிடுமா? சொல்கிறவன் தலை வழுக்கை என்றால் சொன்னது பொய்யாகிவிடுமா? மகாராஜாவிடம் விசுவாசமாக இருந்துகொண்டே, இந்தத் தண்டனை வேண்டாம் என்று ஒருவன் சொல்லக்கூடாதா?"

பிச்சாண்டி கைகூப்பினான். "அங்காயிக்காக இவ்வளவு அழகாக வாதாட என்னால் முடிந்திருக்காது."

மகாராஜாவுக்கு அப்போதுதான் உறைத்தது. அசட்டுச் சிரிப்பு ஒன்று சிரித்தார். "மூன்றையும் தள்ளிவிட்டோம். அது கிடக்கட்டும், குளத்தில் பாசி உண்டா, இல்லையா? அதை ஒருவரும் சொல்லவே இல்லையே?"

"அதைப் பேசிவிடக் கூடாது என்றுதானே இத்தனை பாடும், மகாராஜா! ஒரு குடம் மொண்டு வரச் சொல்லுங்கள்" என்றான் பிச்சாண்டி.

குடம் வந்தது. தண்ணீர் பச்சைப் பசேல் என்றிருந்தது. ஆசனத்தில் தொப்பென்று உட்கார்ந்த பிரதானி அப்போதும் விடவில்லை.

"எங்கேயோ ஓரத்தில் மொண்டிருக்கிறார்கள். என் பொறுப்பில் குளம் கண்ணாடி போல..."

அதற்குள் குடத்திலிருந்து கொழுத்த தவளை ஒன்று எகிறியது. இத்தனை பேர் இருக்க, நேராக அவர் மடியில் போய் உட்கார்ந்துகொண்டது.

"பாருங்கள் மகாராஜா," என்றான் பிச்சாண்டி, "வளர்த்தவரை எப்படி அடையாளம் கண்டுகொண்டது!"

மகாராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரிப்பு அடங்கியதும் உத்தரவு பிறந்தது. அங்காயி ஊரிலேயே இருப்பாள். குளம் சுத்தமாகும்வரை பிரதானி வீட்டிலும் அதே தண்ணீரைத்தான் குடிக்க வேண்டும்.

மறுநாள் விடிவதற்கு முன்பே குளத்தில் மண்வெட்டிச் சத்தம் கேட்டது.