சாக்பீஸ் வரைந்த இதயம்

ஓர் அரசுப் பள்ளியின் எட்டாம் வகுப்பில் ஒரு சாக்பீஸ் இருந்தது. ரோஷக்கார சாக்பீஸ். தேய்ந்து தேய்ந்து பாதி விரல் நீளத்துக்கு வந்துவிட்டது. இன்றைக்கோ நாளைக்கோ அதன் ஆயுசு முடிந்துவிடும்.

அன்று அது வளர்மதி டீச்சரின் கையில் இருந்தபடி பலகை நிறைய ஓர் இதயம் வரைந்தது. நான்கு அறைகள், ரத்தம் போகும் வழிக்கெல்லாம் அம்புக்குறிகள். அடேயப்பா, என்ன அழகு! "நான் பிறந்ததே இதுக்குத்தான்," என்று மேசைமேல் படுத்தபடி ரசித்துக்கொண்டிருந்தது.

டீச்சர் பாடத்தை விளக்கி முடித்தார். கையோடு டஸ்டரை எடுத்தார்.

"ஐயையோ! இன்னும் ஒருத்தர்கூட நோட்டுல எழுதலையே!" சாக்பீஸ் அலறியது. "ஏய் டஸ்டர், உனக்குக் கண்ணு தெரியலையா?"

"என்னை ஏன் திட்டுறீங்க அண்ணே? எல்லாம் அந்தப் புது ஆள் செஞ்ச வேலை."

புது ஆள் என்பது மேசைமேல் கிடந்த நாலு பக்க ஆராய்ச்சிக் கட்டுரை. பயிற்சி வகுப்பில் எல்லா ஆசிரியர்களுக்கும் கொடுத்தார்கள். மற்றவர்கள் அதை மடித்து விசிறிக்கொண்டார்கள். வளர்மதி டீச்சர் மட்டும் பஸ்ஸில் போக வரப் படித்து, சிவப்பு மையால் கோடு போட்டு வைத்திருந்தார். டீச்சர் என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும்!

"பார்த்து எழுதினா கைக்குத்தான் வேலை. பார்க்காம யோசிச்சு எழுதினாத்தான் மனசுல நிக்கும். எத்தனையோ வகுப்புல சோதிச்சுப் பார்த்தாச்சு," என்றது கட்டுரை, கொஞ்சம் மிடுக்காகவே.

"பெரிய மேதாவி! இந்த வகுப்பு ஜெசிந்தாவை உனக்குத் தெரியுமா?"

கட்டுரைக்குத் தெரியாது. ஜெசிந்தாவின் நோட்டைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம், அவ்வளவு சுத்தம். பரீட்சையிலோ வெறும் தாள். "எனக்கு மண்டையில ஏறாது டீச்சர், நான் படிப்பை நிறுத்திக்கிறேன்," என்று போன வாரம் அழுதாள். அன்றைக்குத்தான் டீச்சர் அந்தக் கட்டுரையைத் தேடி எடுத்தார்.

டஸ்டர் துடைத்து முடித்தது.

"ஜெசிந்தா, ஞாபகம் இருக்கிறதை வந்து வரைம்மா. தப்பா வந்தாலும் பரவாயில்ல."

அவள் வந்து சாக்பீஸைப் பட்டும் படாமல் எடுத்தாள். "என்னைக் கெட்டியாப் பிடிச்சுக்கோ தாயி," என்றது சாக்பீஸ், தன் வருத்தத்தை மறந்து. நாலு அறையும் வந்துவிட்டன. வலது பக்கத்து அறையிலிருந்து ஓர் அம்பு நேராக உடம்புக்குப் போனது. தப்பு! சாக்பீஸ் பதறியது. டீச்சர் திருத்தப் போகாமல் பொறுமையாக நின்றார்.

ஜெசிந்தா பலகையையே பார்த்தாள்.

"டஸ்டர் குடுங்க டீச்சர். நுரையீரலுக்குப் போகாம ரத்தம் எப்படி சுத்தமாகும்?"

அவளே அந்த அம்பை அழித்தாள். நுரையீரலுக்கு ஒன்று, அங்கிருந்து திரும்ப ஒன்று, பிறகு உடம்புக்கு ஒன்று. டீச்சர் சத்தமில்லாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கட்டுரையின் மிடுக்கு எங்கே போனதோ. "இதெல்லாம் எனக்குள்ள எழுதித்தான் இருக்கு. ஆனா நடந்து நான் பார்த்ததில்ல," என்றது.

சாயங்காலம் மணி அடித்தது. பலகையின் ஓரத்தில் மிளகளவு மிஞ்சிக் கிடந்தது சாக்பீஸ். டஸ்டர் தயங்கித் தயங்கி வந்தது.

"அண்ணே, இதயத்தைத் துடைக்கட்டுமா?"

"தாராளமாத் துடை. அது ஜெசிந்தாகூட வீட்டுக்குப் போயாச்சு."